மாதம் மூன்று முறை விழும் சர்வர்: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், என் கம்ப்யூட்டர் எப்போதாவது ஒரு முறை அப்படியே நின்றுவிடுகிறது. மெக்கானிக்கிடம் எடுத்துச் சென்றால் நன்றாக ஓடுகிறது. என்ன செய்வது?"

எப்போதும் பழுதாக இருக்கும் கம்ப்யூட்டரைச் சரி செய்வது எளிது. எப்போதாவது பழுதாகும் கம்ப்யூட்டர்தான் நம்மை அலைய வைக்கும். இதற்கு என்ன வழி என்பதை, 2009-ஆம் ஆண்டில் ஒரு கல்லூரியின் சர்வரோடு நான் ஐந்தாறு மாதங்கள் போராடிய அனுபவத்தைக் கொண்டு இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். அந்தச் சர்வரில் இரண்டு ப்ராசஸர்கள் இருந்தன. "நமக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இன்று உங்கள் மேசை மீதுள்ள கம்ப்யூட்டரிலும் ஒரே சிப்பிற்குள் இரண்டு, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கோர்கள் உள்ளன. அன்று சர்வருக்கு வந்த நோய் இன்று வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வரலாம்.

கெர்னல் என்பது என்ன?

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். மெமரியை எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு கொடுப்பது, ஹார்ட் டிஸ்க்கில் எங்கே எழுதுவது, நெட்வொர்க் கார்டில் வந்த தகவலை யாரிடம் சேர்ப்பது என எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். ஒரு சாதாரண புரோகிராம் தவறு செய்தால் கெர்னல் அதை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற வேலைகளைத் தொடரும். கெர்னலே தவறு செய்தால் அதைத் தட்டிக் கேட்க மேலே யாரும் இல்லை. விண்டோஸில் இதனை நாம் நெடுங்காலம் நீலத் திரையாகப் பார்த்துப் பழகியிருக்கிறோம்.

லினக்ஸில் இது இரண்டு வகைப்படும். முதல் வகை "ஊப்ஸ்". கெர்னல் தான் செய்த தவறைக் கண்டுபிடித்து, ஒரு நீண்ட செய்தியை எழுதிவிட்டு, முடிந்தால் தொடர்ந்து ஓடும். இரண்டாவது வகை "பேனிக்". இனி ஓடினால் டேட்டாவிற்கே ஆபத்து என்று கெர்னல் முடிவு செய்து முழுவதுமாக நின்றுவிடும். எங்கள் சர்வரில் வந்தது இரண்டாவது வகை.

என்ன நடந்தது?

கல்லூரியின் கட்டணக் கணக்கு, மதிப்பெண் பதிவு, நூலகக் கணக்கு ஆகிய மூன்றும் அந்த ஒரே சர்வரில்தான் இருந்தன. ஜூன் தொடக்கத்திலிருந்து 45 நாட்களில் ஐந்து முறை சர்வர் நின்றது. திரை கறுப்பாக இருக்கும். மௌஸ், கீபோர்ட் எதற்கும் பதில் இருக்காது. கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரியும். கரண்ட்டை நிறுத்திப் போட்டால் எதுவும் நடக்காதது போல் ஓடத் தொடங்கும்.

ஐந்தில் நான்கு முறை கட்டணம் கட்டும் நாட்களில், கூட்டம் அதிகமாக இருந்த நேரத்தில் நடந்தது. ஒரு முறை ஒரு மாணவியின் கட்டண ரசீது அச்சாகி அவர் கைக்குப் போய்விட்டது. ஆனால் அந்தப் பதிவு ஹார்ட் டிஸ்க்கில் ஏறவில்லை. எழுதச் சொன்ன தகவலைக் கெர்னல் உடனே டிஸ்க்கில் எழுதிவிடுவதில்லை. சில விநாடிகள் மெமரியில் வைத்திருந்து, பிறகு மொத்தமாக எழுதும். அந்த இடைவெளியில் சர்வர் நின்றால் அந்தத் தகவல் போனதுதான். "கட்டணம் கட்டவில்லை" என்று அந்தப் பெண்ணுக்கு அபராதம் போட்டார்கள். ரசீதைக் காட்டியபோது, பழி லேப் அசிஸ்டென்ட் மீது விழுந்தது. சர்வர் அறையின் சாவி அவரிடம்தான் இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டார் என்று பேச்சு எழுந்து, அவருக்கு மெமோவும் கொடுத்தார்கள்.

என்னை அழைத்தது அப்போதுதான். நானும் முதலில் அவரிடம் கேட்டது, "தம்பி, உண்மையைச் சொல்லுங்கள், சுவிட்சில் கை பட்டதா?" என்றுதான். "இல்லை சார்" என்றார். நான் முழுதாக நம்பவில்லை என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். எரிகிற கேப்ஸ் லாக் விளக்கே அவருக்குச் சாட்சி என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினால் விளக்கு எரியாது. கெர்னல் பேனிக் ஆகும்போதுதான் லினக்ஸ் அந்த விளக்கை அப்படிச் சிமிட்ட வைக்கும்.

நான் செய்த முதல் தவறு

பெட்டியைத் திறந்து பார்த்தேன். எஸ்.எம்.பி.எஸ். பழையதாக இருந்தது. விசிறியில் தூசி அடைத்திருந்தது. வேலை அதிகமாகும்போது ப்ராசஸர்கள் அதிக மின்சாரம் கேட்கும், எஸ்.எம்.பி.எஸ். தாங்காமல் விழுகிறது என்று முடிவு செய்து புதியதை மாட்டினேன். 12 நாட்கள் ஒரு தொல்லையும் இல்லை. "சரியாகிவிட்டது மேடம்" என்று முதல்வரிடம் சொல்லிவிட்டேன். 13-ஆம் நாள், கட்டணம் கட்டக் கடைசித் தேதி, காலை 11 மணிக்குச் சர்வர் மீண்டும் நின்றது. வாசல் வரை வரிசை.

எங்கே தவறினேன்? கணக்கில். 45 நாட்களில் ஐந்து முறை என்றால் சராசரியாக 9 நாட்களுக்கு ஒரு முறை. ஆனால் ஒழுங்காக ஒன்பதாம் நாள்தோறும் விழுவதில்லை. சில நேரம் மூன்று நாளில், சில நேரம் இருபது நாளில் விழும். இப்படித் தற்செயலாக வரும் பழுது, எதையுமே சரி செய்யாவிட்டாலும் 12 நாட்கள் வராமல் இருக்க 100-க்குச் சுமார் 26 வாய்ப்பு உண்டு. நான்கில் ஒரு பங்கு! அந்த அதிர்ஷ்டத்தை என் திறமை என்று நினைத்துவிட்டேன்.

நினைவில் வைக்க எளிய விதி: பழுது சராசரியாக எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறதோ, அதைப் போல மூன்று மடங்கு நாட்கள் பழுதில்லாமல் ஓடினால்தான் "சரியாகிவிட்டது" என்று சொல்லலாம். அப்போது அதிர்ஷ்டத்தால் தப்பித்திருக்கும் வாய்ப்பு 100-க்கு 5 ஆகக் குறைந்துவிடும். எங்கள் சர்வருக்கு அது 27 நாட்கள்.

படி 1: சாகும்போது என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

கெர்னல் நிற்கும் முன் காரணத்தை எழுதிவிட்டுத்தான் நிற்கும். அதை நாங்கள் ஏன் பார்க்கவில்லை? இரண்டு காரணங்கள். ஒன்று, லாக் பைல்களை டிஸ்க்கில் எழுத வேண்டியதும் கெர்னல்தான். அதுவே நின்றுவிட்டால் யார் எழுதுவது? இரண்டு, அந்நாளைய லினக்ஸில் பத்து நிமிடம் யாரும் கீபோர்டைத் தொடாவிட்டால் திரை கறுத்துவிடும். செய்தி திரையில் இருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது.

செய்தியை நெட்வொர்க் வழியாக வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வசதி லினக்ஸில் உண்டு. ஆனால் நெட்வொர்க் கார்டே குற்றவாளியாக இருந்தால்? சந்தேகப்படும் ஆளிடமே தபாலைக் கொடுத்தனுப்ப முடியாது. எனவே பழைய முறைக்குப் போனேன். மூலையில் கிடந்த ஒரு பென்டியம் 3 கம்ப்யூட்டரை எடுத்து, அதன் சீரியல் போர்ட்டையும் சர்வரின் சீரியல் போர்ட்டையும் ஒரு நல் மோடம் கேபிளால் இணைத்தேன். இந்தக் கேபிளில் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் குறுக்காக மாற்றி இணைக்கப்பட்டிருக்கும். கெர்னல் செய்திகளைச் சீரியல் போர்ட்டுக்கும் அனுப்பும்படி சர்வரின் பூட் மெனுவில் அமைத்தேன். பழைய கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பியின் ஹைப்பர்டெர்மினல், வரும் எழுத்துக்களை எல்லாம் ஒரு பைலில் சேமித்துக்கொண்டே இருந்தது. செலவு, கேபிளுக்கான விலை மட்டும்தான்.

படி 2: ஒரே இடமா, வெவ்வேறு இடமா?

அடுத்த ஒரு மாதத்தில் மூன்று முறை சர்வர் விழுந்தது. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று வாக்குமூலங்கள் கிடைத்தன.

அந்தச் செய்தி முழுவதும் எண்களும் புரியாத பெயர்களுமாக இருக்கும். பயப்பட வேண்டாம். மூன்றை மட்டும் பாருங்கள்: கெர்னலின் எந்தப் பகுதியில் தவறு நடந்தது, எந்த ப்ராசஸரில் நடந்தது, அப்போது எந்தப் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவதை வைத்து யாரையும் குற்றம் சாட்டிவிடாதீர்கள். விபத்து நடந்த தெருவில் அந்த நேரம் நடந்து போனவர் அவர், அவ்வளவுதான்.

இங்குதான் முக்கியமான விதி வருகிறது. ஒவ்வொரு முறையும் தவறு வெவ்வேறு இடத்தில், சம்பந்தமே இல்லாத பகுதிகளில் நடந்தால் ராம், ப்ராசஸர், மின்சாரம் அல்லது சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நடந்தால் பெரும்பாலும் சாப்ட்வேர், அதிலும் குறிப்பாக டிரைவர். எங்கள் சர்வரில் மூன்று முறையும் நெட்வொர்க் கார்டின் டிரைவரில், ஒரே பங்ஷனில் தவறு நடந்திருந்தது. ப்ராசஸர் எண் மட்டும் 0, 1, 0 என்று மாறியிருந்தது.

ஒரு வாக்குமூலத்தில் நேரமும் பதிவாகியிருந்தது. பகல் 11.40. அந்த நேரத்தில் லேப் அசிஸ்டென்ட் அடுத்த கட்டடத்தில் 40 மாணவர்கள் முன் செய்முறை வகுப்பில் இருந்தார். அந்தப் பைலை அச்செடுத்து முதல்வரிடம் கொடுத்தேன்.

படி 3: ராமை விட்டுவிடாதீர்கள்

டிரைவர் மீது சந்தேகம் விழுந்தாலும் மெமரியைச் சோதிக்காமல் விடக் கூடாது. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச புரோகிராமைச் சிடியில் இருந்து இயக்கி ஒரு இரவு முழுவதும் ஓடவிட்டேன். பிழை இல்லை. அன்றைய பதிப்பு ஒரே ஒரு ப்ராசஸரைக் கொண்டுதான் மெமரியைச் சோதிக்கும். பிழை வந்தால் ராமை வலுவாகச் சந்தேகிக்கலாம். வராவிட்டால் நல்லது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

சர்வர்களில் ஈ.சி.சி. என்ற வகை ராம் பயன்படுத்துவார்கள். இதில் ஒரு பிட் மாறினால் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு பிட் மாறினால் தவறு என்று கண்டுபிடித்துச் சொல்லும். திருத்திய பிழைகளின் கணக்கையும் பார்க்கலாம். எங்கள் கணக்கில் பூஜ்யம். ராம் கெடுவது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். கூகுளின் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியான ஆய்வில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்திற்கும் அதிகமான ராம் அட்டைகளில் பிழை பதிவாகியிருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ஈ.சி.சி. இருப்பதில்லை. பிழை வந்தாலும் நமக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

படி 4: ஒரு ப்ராசஸரை ஓய்வில் வையுங்கள்

லினக்ஸ் பூட் ஆகும்போது ஒரே ஒரு ப்ராசஸரை மட்டும் பயன்படுத்துமாறு கட்டளை கொடுக்கலாம். அப்படிச் செய்து 27 நாட்கள் ஓடவிட்டேன். வேகம் குறைந்தது, ஆனால் ஒரு முறை கூட விழவில்லை.

அப்படியானால் ஓய்வில் இருந்த ப்ராசஸர்தான் கெட்டதா? இருக்கலாம். எனவே இரண்டு ப்ராசஸர்களையும் இடம் மாற்றிப் பொருத்தி, மற்றதைத் தனியாக 27 நாட்கள் ஓடவிட்டேன். அப்போதும் விழவில்லை. இரண்டும் சேர்ந்து ஓடும்போது சூடு அதிகமாகிறதா என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு இரண்டு ப்ராசஸர்களுக்கும் கடினமான கணக்குகளைக் கொடுத்து நாள் முழுவதும் ஓடவிட்டேன். அதிலும் தொல்லை இல்லை. தனித்தனியாக இரண்டும் நல்லவை. சூடும் காரணமாகத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து, நெட்வொர்க் வேலையும் அதிகமாக இருந்தால்தான் தகராறு.

ஒரு பேரேடு, இரண்டு குமாஸ்தாக்கள்

இது ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ஒரு கடையில் ஒரே பேரேடு, இரண்டு குமாஸ்தாக்கள். இருப்பு 500 ரூபாய். முதல் குமாஸ்தா 500 என்று படித்துவிட்டு, வந்த 200-ஐ மனதில் கூட்டுகிறார். அவர் எழுதும் முன் இரண்டாமவரும் 500 என்று படித்து, தன்னிடம் வந்த 300-ஐக் கூட்டுகிறார். முதலாமவர் 700 என்று எழுதுகிறார். இரண்டாமவர் அதை அடித்துவிட்டு 800 என்று எழுதுகிறார். இருக்க வேண்டியது 1,000. இருவருமே கூட்டலில் தவறவில்லை. ஆனாலும் 200 ரூபாயைக் காணோம்.

இதற்கு "ரேஸ் கண்டிஷன்" என்று பெயர். தீர்வு எளிது. பேரேட்டின் மேல் ஒரே ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா கையில் இருப்பவர்தான் பேரேட்டைப் படிக்கலாம், எழுதலாம்; அடுத்தவர் காத்திருக்க வேண்டும். கெர்னலில் இந்தப் பேனாவுக்கு "லாக்" என்று பெயர். லினக்ஸ் 1996-இல் 2.0 பதிப்பில் பல ப்ராசஸர்களை ஆதரிக்கத் தொடங்கியபோது, கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய லாக்தான் இருந்தது. பாதுகாப்பு அதிகம், ஆனால் ஒரு ப்ராசஸர் கெர்னலுக்குள் இருந்தால் மற்றவை வெளியே நிற்க வேண்டும். வேகத்திற்காக அதைச் சிறிது சிறிதாக உடைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி லாக் வைத்தார்கள். 2011-இல் 2.6.39 பதிப்பில் அந்தப் பெரிய லாக் முழுவதும் நீக்கப்பட்டது. லாக்குகள் பல ஆகும்போது, எங்காவது ஓர் இடத்தில் பூட்ட மறந்துவிடும் வாய்ப்பும் கூடுகிறது.

கூட்டமில்லாத நாளில் இரண்டு குமாஸ்தாக்களும் ஒரே கணத்தில் ஒரே பக்கத்தைத் தொடுவது அபூர்வம். கட்டணம் கட்டும் நாளில் தொடுவார்கள். மெக்கானிக் கடையில் சும்மா ஓடும்போது பழுது தெரியாமல் போவதற்கும் இதுவே காரணம்.

செவ்வாய்க் கிரகத்திலும் இதே தொல்லை

நேரம் தவறுவதால் வரும் பழுதுகள் பெரியவர்களையும் விடவில்லை. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்பைண்டர் கலத்தின் கம்ப்யூட்டர், சில நாட்களில் தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. அதில் ப்ராசஸர் ஒன்றுதான்; ஆனால் பல வேலைகள் ஒரே லாக்கிற்குக் காத்திருந்தன. முக்கியமான வேலை ஒன்று, குறைந்த முக்கியத்துவம் உள்ள வேலையிடம் இருந்த லாக்கிற்காகக் காத்து நிற்க, நடுவில் புகுந்த வேறு வேலைகள் நேரத்தைத் தின்றன. பூமியில் இருந்த அதே போன்ற கம்ப்யூட்டரில், நடப்பது அனைத்தையும் பதிவு செய்யும் வசதியுடன் ஓடவிட்டு அதே ரீசெட்டை வரவழைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். திருத்தம் இங்கிருந்தே அனுப்பப்பட்டது. அவர்களும் செய்தது நாம் மேலே பார்த்ததைத்தான்: முதலில் பதிவு, பிறகு முடிவு.

தீர்வு

எங்கள் நெட்வொர்க் கார்டின் டிரைவரில், புதிய கெர்னலில் செய்யப்பட்ட மாற்றங்களின் பட்டியலைப் படித்தேன். வாக்குமூலங்களில் வந்த அதே பங்ஷனில், விடுபட்ட ஒரு லாக்கைச் சேர்த்திருந்தார்கள். முழு பேக்கப் எடுத்துவிட்டு, புதிய கெர்னலைப் பழையதன் அருகிலேயே நிறுவினேன். பழையதை நீக்கவில்லை, புதியதில் தொல்லை வந்தால் பூட் மெனுவில் பழையதற்குத் திரும்பலாம் அல்லவா? பிறகு இரண்டு ப்ராசஸர்களையும் இயக்கினேன். சீரியல் கேபிளை அப்படியே விட்டிருந்தேன்.

இந்த முறை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. 27 நாட்கள் எண்ணினேன். டிசம்பரில் 28-ஆம் நாள்தான் முதல்வரிடம் போனேன். மெமோ ஏற்கெனவே திரும்பப் பெறப்பட்டிருந்தது. அபராதத் தொகையும் மாணவிக்குத் திருப்பித் தரப்பட்டிருந்தது. லேப் அசிஸ்டென்ட்டிடம் நான் கேட்ட முதல் கேள்விக்காக வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லை சார், அந்தக் கேபிளை எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுங்கள்" என்றார்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன செய்யலாம்?

1. விண்டோஸில் "சிஸ்டம் ப்ராபர்ட்டீஸ்" விண்டோவைத் திறந்து "அட்வான்ஸ்டு" டேபிற்குச் செல்லுங்கள். "ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி" பிரிவில் "செட்டிங்ஸ்" பட்டனைக் கிளிக் செய்திடுங்கள். "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இனி விழும்போது செய்தி திரையிலேயே நிற்கும். அதைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

2. அதே விண்டோவில் "ஸ்மால் மெமரி டம்ப்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறை விழும்போதும் விண்டோஸ் போல்டருக்குள் "மினிடம்ப்" என்ற போல்டரில் ஒரு சிறிய பைல் சேரும். மெக்கானிக்கிடம் போகும்போது இந்தப் பைல்களையும் கொண்டு செல்லுங்கள்.

3. ஒரு நோட்டில் தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை எழுதுங்கள். மூன்று முறை எழுதிய பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே இடமா, வெவ்வேறு இடமா?

4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராம், எஸ்.எம்.பி.எஸ்., டிரைவர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் கம்ப்யூட்டர் சரியாகலாம், காரணம் தெரியாது. வீண் செலவும் ஆகும்.

5. மாற்றிய பிறகு, சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு நாட்கள் பொறுத்திருங்கள்.

6. இத்தனைக்கும் முன்னால், முக்கியமான பைல்களைப் பேக்கப் எடுத்துவிடுங்கள். விழும் கம்ப்யூட்டரில் அடுத்த முறை எது போகும் என்று யாருக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று. கம்ப்யூட்டர் நின்றதும், கடைசியாகத் தொட்டவர் யார் என்று வீட்டில் தேடாதீர்கள். பையனைத் திட்டுவதற்கு முன் மினிடம்ப் போல்டரைத் திறந்து பாருங்கள்.